பழைய எபிக் சர்வர் ஒன்றும் பதினாறு ரேம் ஸ்டிக்கும்: ஏழு மாதம் ஓட்டிய பிறகு

முதல் வாரத்திலேயே எழுத உட்கார்ந்தேன், முழுக்கத் திட்டாகவே வந்தது, அதனால் மூடி வைத்துவிட்டேன். இப்போது ஏழு மாதம் ஆகிறது, கோபமும் ஆறிவிட்டது, நம்பர்களும் கையில் இருக்கின்றன.

பொருள் இதுதான்: ஏஎம்டி எபிக் 7302 ப்ராசஸர் இரண்டு போட்ட 2யு (ரேக்கில் இரண்டு அடுக்கு உயரம்) ரேக் சர்வர். ஏதோ ஒரு டேட்டா சென்டரில் சில வருடம் உழைத்து ஓய்வு பெற்றது. வாங்கியது சென்னையில், பழைய சர்வர்களைத் துடைத்துச் சரிபார்த்து விற்கும் ஒரு கடையில். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கடைசியில் சண்டை சமாதானத்தில்தான் முடிந்தது. ரேம், எஸ்எஸ்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குள்.

எங்களுடையது பாண்டி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் மூன்று பேர் கம்பெனி. வேலை பெரும்பாலும் கடலூர் சிப்காட் பக்கத்திலிருந்து வரும். ரியாக்டருக்குள் அஜிடேட்டர் அடிவரைக்கும் கலக்குகிறதா, ஹீட் எக்சேஞ்சரில் எந்த டியூபுக்குத் தண்ணீர் போகாமல் நிற்கிறது, டேங்கைத் தாங்கும் சேடில் காற்றுக்கும் எடைக்கும் நிற்குமா, இந்த மாதிரி. திரவ ஓட்டத்துக்கு ஓபன்ஃபோம், ஸ்ட்ரெஸ் கணக்குக்குக் கால்குலிக்ஸ், இரண்டும் காசில்லாத மென்பொருள். அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தது எட்டு கோர் டெஸ்க்டாப். ஒரு கலக்கும் டேங்க், அதைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டினால் 60 லட்சம் செல், விசிறி சுற்றச் சுற்றக் கணக்குப் போட நாலரை நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் சாமி கும்பிட வேண்டியதுதான்.

சர்வர் வாங்கப் போனால் முதலில் எல்லாரும் காட்டுவது கோர் எண்ணிக்கை, அடுத்தது கிகாஹெர்ட்ஸ், அதற்கடுத்து போனை எடுத்து ஏதோ ஒரு ஸ்கோர் பக்கம். கடைக்காரரும் அதைத்தான் காட்டினார். "சார், இது பாருங்க, 64 கோர், இது கிட்ட எதுவும் நிக்காது." அந்த ஸ்கோர் பொய் இல்லை. ஆனால் அந்த மாதிரிப் பரீட்சைகளில் பல சின்ன டேட்டாவை எடுத்து, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் குட்டி மெமரியான கேஷுக்குள்ளேயே வைத்து அரைத்துக்கொண்டிருக்கும். சிஎஃப்டி, அதாவது எங்கள் திரவ ஓட்டக் கணக்கு, அப்படி நடக்காது. லட்சக்கணக்கான செல், ஒவ்வொரு செல்லுக்கும் அக்கம்பக்கத்துச் செல்களின் மதிப்பை மெமரியிலிருந்து எடுக்கணும், நாலு பெருக்கல் கூட்டல் போடணும், திரும்ப வைக்கணும், அடுத்ததுக்குப் போகணும். கணக்கு கொஞ்சம், சுமந்து வருவது நிறைய.

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று பார்த்திருந்தால் புரியும். மீன் வெட்ட அறுபது பேர் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கலாம், எல்லாரும் கைதேர்ந்தவர்களாகவே இருக்கலாம், ஆனால் படகிலிருந்து கூடை இறக்க எட்டு ஆள்தான் என்றால் பாதிப் பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். வெட்டுகிறவர்கள்தான் கோர், அந்த எட்டு ஆள்தான் மெமரி சானல், ரேமிலிருந்து ப்ராசஸருக்கு வரும் பாதை. எபிக் 7002 வரிசையில் (2019 ஆகஸ்டில் வந்தது) ஒரு ப்ராசஸருக்கு எட்டு சானல், டிடிஆர்4 3200 போட்டால் வினாடிக்கு 204.8 ஜிபி வரை இறக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. 16 கோர் இருக்கும் 7302-இல் அதை வகுத்தால் கோருக்கு 12.8 ஜிபி. 64 கோர் இருக்கும் 7742-இலும் அதே எட்டு சானல்தான், அங்கே கோருக்கு 3.2 ஜிபி. கடைக்காரர் காட்டிய ராஜாவை விட்டு 16 கோர் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் இதுதான். அவர் என்னைக் கஞ்சன் என்று நினைத்திருப்பார், அதுவும் உண்மைதான்.

காசு கட்டி ஓட்டும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆன்சிஸில் ஹெச்பிசி பேக் என்ற கூடுதல் லைசன்ஸ் ஒன்றுக்கு 8 கோர், இரண்டுக்கு 32, மூன்றுக்கு 128 என்று ஏறும். பாதி கோர் வெற்றிலை போடுவதற்கு லைசன்ஸ் கட்டுவதை விட வயிற்றெரிச்சல் வேறில்லை.

இன்னொரு குழியும் இருந்தது, அதில் விழாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான். கடைக்காரர் முதலில் அனுப்பிய கொட்டேஷனில் 7302 இல்லை, 7282. "அதுவும் 16 கோர்தான் சார், விலை கம்மி." கோர் ஒன்றுதான், வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான், 2.8க்கும் 3.0க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் 7282-ஐ நாலு சானல் அளவுக்குத்தான் ஏஎம்டி வடிவமைத்திருக்கிறது. எட்டு ஸ்லாட்டிலும் ரேம் போட்டாலும் வினாடிக்கு 85 ஜிபி பக்கம்தான். எல்3 கேஷும் 64 எம்பி, 7302-இல் 128. வெப்சைட் ஓட்ட, ஆபீஸ் ஃபைல் வைக்க அது நல்ல ப்ராசஸராகவே இருக்கும். எங்கள் வேலைக்கு அதை வாங்குவது லாரி கேட்டுவிட்டு ஆட்டோ வாங்குவது மாதிரி. ஒரு எண் மாறினால் இவ்வளவு மாறும், பழைய சர்வர் வாங்குகிறவர்கள் மாடல் நம்பரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

சரி, மெஷின் வந்தது. பார்சல் சர்வீஸிலிருந்து மினி வேனில் கொண்டுவந்து மூன்று பேர் மாடியேற்றினோம். சுவிட்சைப் போட்டதும் ஆறு ஃபேனும் ஒன்றாகக் கிளம்பிய சத்தத்தில் கீழேயிருந்து வீட்டுக்காரம்மா ஏறி வந்துவிட்டார். "என்ன தம்பி, மாவு மில்லு வச்சிருக்கியா மேல?" ரேக் சர்வர் மனிதர்கள் உட்காரும் அறைக்காகச் செய்யப்பட்டதில்லை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் வாங்குகிறவர்கள் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை.

அன்று ராத்திரியே அளந்தோம். எதை வைத்து அளப்பது என்பதில் என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: நாம் ஓட்டப்போகும் மென்பொருளை வைத்தே அளக்கணும். ஓபன்ஃபோமோடு கூடவே வரும் மோட்டார்பைக் கேஸ் இருக்கிறது, ஒரு ஆள் பைக்கில் உட்கார்ந்திருப்பார், சுற்றிக் காற்று ஓடும். பின்னணி மெஷ்ஷை, அதாவது செல் வலையை, கொஞ்சம் நெருக்கினால் 20 லட்சம் செல் பக்கம் வரும். நூறு சுற்று ஓட்டி சால்வர் (கணக்குப் போடும் பகுதி) எடுக்கும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம், மெஷ் போடும் நேரமும் டிஸ்கில் எழுதும் நேரமும் சேராது. 1, 2, 4, 8, 16, 32 கோர் என்று ஏற்றிக்கொண்டே போகணும், ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது, அந்த ஏற்றம் எங்கே படுக்கிறது என்பதில்தான் விஷயம்.

ஒரு கோரில் கிட்டத்தட்ட 12 நிமிடம். இரண்டு, நாலு, சரியாகப் பாதி பாதியாக இறங்கியது. எட்டு கோரில் 105 வினாடி, அங்கேயே லேசாக இழுத்தது. பதினாறில் 86. முப்பத்திரண்டில் 80.

எங்கள் பையன், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, பாதி ப்ராசஸர் டூப்ளிகேட்டா இருக்குமோ?"

ப்ராசஸர் நல்லதுதான். கோரை இரண்டு மடங்காக்கி ஆறு வினாடிதான் குறைகிறது என்றால் கூடை இறக்குகிற இடத்தில் ஆள் இல்லை என்று அர்த்தம். டிஎம்ஐடிகோட் கட்டளை போட்டு ஸ்லாட்டுகளைப் பார்த்தோம். 64 ஜிபி ஸ்டிக் நாலு. ப்ராசஸருக்கு இரண்டு. ஒரு சானலுக்கு ஒரு ஸ்டிக்காவது வேண்டும், இங்கே பதினாறு சானலில் பன்னிரண்டு காலி! ஸ்ட்ரீம் ஓட்டினோம் (ஜான் மெக்கால்பின் எழுதிய சின்ன நிரல், மெமரி எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்பதை மட்டும் அளக்கும், முப்பது வருடத்துக்கும் மேலாக எல்லாரும் இதைத்தான் ஓட்டுகிறார்கள்), அதில் ட்ரையட் என்ற பரீட்சை வினாடிக்கு 80 ஜிபியைக் கூடத் தொடவில்லை.

காலையில் கடைக்குப் போன் போட்டேன். "256 ஜிபிதானே சார் கேட்டீங்க? 256 இருக்கே. பின்னாடி ஏத்திக்கறதுக்கு ஸ்லாட்டும் காலியா விட்டிருக்கேன், உங்களுக்கு நல்லதுதானே." சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. சத்தம் போட்டேன், ஆனால் போனை வைத்த பிறகு பர்சேஸ் ஆர்டரை எடுத்துப் பார்த்தால் நானே "ரேம் 256 ஜிபி" என்றுதான் எழுதியிருக்கிறேன். 16 ஜிபி பதினாறு என்று எழுதவில்லை. சர்வரில் பலபேர் கேட்பது கொள்ளளவு, எங்களுக்கு வேண்டியது வாசல். இரண்டு நாள் இழுபறி. கடைசியில் நாலு ஸ்டிக்கையும் துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்து ஈசிஆர் பஸ்ஸில் சென்னைக்குப் போய், மேலே கொஞ்சம் பணம் கட்டி, 16 ஜிபி பதினாறு வாங்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குத் திரும்பினேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்லிவிடணும்.

பதினாறும் போட்டதும் அதே பைக், அதே 32 கோர்: 31 வினாடி. ஸ்ட்ரீம் வினாடிக்கு 250 ஜிபியைத் தாண்டியது. ப்ராசஸர் மாறவில்லை, கிகாஹெர்ட்ஸ் மாறவில்லை, மொத்த ஜிபி கூட மாறவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் இரண்டாவது தடவை ஓட்டினால் 34 வருகிறது. மூன்றாவது தடவை 33. மெஷினை அணைத்துப் போட்டால் மறுபடி 31. பேய் பிடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது: லினக்ஸ் படித்த ஃபைல்களையெல்லாம் காலியாக இருக்கும் ரேமில் பத்திரப்படுத்தி வைக்கிறது, அது ஒரு ப்ராசஸர் பக்கத்து ரேமை அடைத்துக்கொள்கிறது, அப்போது அந்தப் பக்கத்து கோருக்கு இடம் எதிர்ப்பக்கத்தில் கிடைக்கிறது, ஒவ்வொரு தடவையும் இரண்டு ப்ராசஸருக்கும் நடுவிலுள்ள பாலம் தாண்டிப் போய் எடுத்துவரணும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டிராப்கேஷஸ் என்ற லினக்ஸ் ஃபைலில் 3 என்று எழுதி அந்தக் கேஷைக் காலி செய்தால் சரியாகிவிடுகிறது. இதைச் செய்யாமல் இரண்டு மெஷினை ஒப்பிட்டு இது பத்து சதவீதம் வேகம், அது மெதுவு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் பயாஸ், அதாவது மெஷின் கிளம்பும்போதே வரும் அடிப்படை அமைப்புகள். ஒரு ப்ராசஸரை நாலு மெமரி வட்டாரமாகப் பிரிக்கும் என்பிஎஸ்4 என்ற அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டோம். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் எஸ்எம்டியை அணைத்தோம், எங்கள் வேலைக்கு அதனால் பலன் இல்லை. ப்ராசஸர் வேகத்தை ஏற்றி இறக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வைத்தோம். கணக்கைக் கோர்களுக்குப் பங்கிட்டு ஓட்டும் எம்பிஐரன்னில் ஒவ்வொரு வேலையையும் ஒரு கோரோடு கட்டிப்போட்டோம், இல்லாவிட்டால் அது இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 27 வினாடிக்கு வந்து நின்றது, மூன்று தடவை ஓட்டினாலும் அரை வினாடிக்கு மேல் மாறவில்லை. ஆன்சிஸின் சிஎஃப்டி மென்பொருளான ஃப்ளூயன்ட்டுக்கு வெளியிடும் பரீட்சை முடிவுகளில் 86,400-ஐ ஓடிய வினாடியால் வகுத்து ரேட்டிங் என்று போடுவார்கள், அதாவது ஒரு நாளைக்கு அந்த வேலையை எத்தனை தடவை முடிக்கலாம் என்று. அதே கணக்கை எங்கள் பைக்குக்குப் போட்டால் முதல் நாள் 1,080, இப்போது 3,200.

ஒரு சின்ன விளையாட்டும் செய்தோம். தானாக வேகம் கூட்டும் பூஸ்டை அணைத்துப் பார்த்தோம், 3.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.0-க்கு இறங்கும். ஒரு கோர் ஓட்டத்தில் அந்த இழப்பு அப்படியே தெரிந்தது. 32 கோரில் அரை வினாடி கூடியது, அவ்வளவுதான். கிகாஹெர்ட்ஸுக்காக இன்னும் இருபதாயிரம் கேட்கிறார் கடைக்காரர் என்று போன வாரம் ஒரு நண்பர் விசாரித்தபோது இந்த இரண்டு எண்ணையும்தான் அனுப்பி வைத்தேன்.

உண்மையான வேலைக்கு வருவோம். அந்த நாலரை நாள் டேங்க், இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டால் மறுநாள் காலை பத்துக்குள் முடிந்திருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் இரண்டே சானல், அதனால் இந்த வித்தியாசத்தில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்களுக்கு மாறியது என்னவென்றால், முன்னால் ஒரு வடிவத்தை ஒரே தடவைதான் ஓட்டிப் பார்ப்போம், பிளேடு கோணம் தப்பு என்று தெரிந்தாலும் மறுபடி ஓட்ட மனசு வராது. இப்போது வாரத்துக்கு நாலு கோணம் பார்க்கிறோம். சிப்காட்டில் ஒரு வாடிக்கையாளர் மீட்டிங்கில் "பிளேடை இன்னும் அரை அடி கீழே இறக்கினால் என்ன ஆகும்" என்று கேட்டார், மறுநாள் மதியம் பதில் கொடுத்தோம், மனிதர் நம்பவில்லை.

எல்லாவற்றுக்கும் இது சரிப்படாது. கால்குலிக்ஸில் பதினாறு கோருக்கு மேல் போட்டால் பயன் ஒன்றும் இல்லை, சில சமயம் கூடுதல் நேரமே எடுக்கிறது. நேரடி சால்வர் வைத்துப் பெரிய சேடில் மாடலை ஓட்டும்போது அங்கே முக்கியம் முழு மேட்ரிக்ஸும் ரேமுக்குள் அடங்குகிறதா என்பதுதான், அடங்காமல் டிஸ்குக்கு வழிந்தால் எந்த ப்ராசஸரும் காப்பாற்றாது. 256 ஜிபி இதுவரை போதுமானதாக இருக்கிறது. கேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும்) வேலையும், ஒரே கோரில் ஓடும் மெஷ் மென்பொருளும் இதில் ஆமை. புதிய டெஸ்க்டாப் ஒன்று இதை எளிதாகத் தாண்டும். நாங்கள் மெஷ்ஷைப் பழைய டெஸ்க்டாப்பிலேயே போட்டு இங்கே அனுப்புகிறோம்.

இதைவிட நல்லது இருக்கிறதா என்றால் தாராளமாக இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த எபிக் 9004 வரிசையில் பன்னிரண்டு சானல் டிடிஆர்5, 4800-இல் ஒரே ப்ராசஸருக்கு 460.8 ஜிபி. எங்கள் இரண்டையும் சேர்த்தாலே 409.6 தான். 2022 மார்ச்சில் வந்த 7373எக்ஸில் 16 கோருக்கு 768 எம்பி எல்3, சின்ன கேஸ் பாதி கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். இன்னொரு பக்கம் 2017-இல் வந்த இன்டெல் ஜியான் ஸ்கேலபிள் பழைய மெஷின்கள் இதைவிட மலிவாகக் கிடைக்கின்றன, அவற்றில் ஆறு சானல் 2666, அதாவது ப்ராசஸருக்கு 128 ஜிபி. கை ரொம்பக் கடிக்கிறது என்றால் பார்க்கலாம், ஆனால் அங்கேயும் ஆறு சானலுக்கும் ஆறு ஸ்டிக் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு. கிளவுடில் மணிக்கு வாடகையும் யோசித்தோம், மாதத்தில் நாலு நாள் வேலை என்றால் அதுதான் புத்திசாலித்தனம், எங்களுக்கு மாதம் இருபது நாள் ஓடுகிறது.

குறைகள். சத்தம், மறுபடியும் சத்தம். பயாஸில் ஃபேனை இறக்கி வைத்தும் மே மாத மதியத்தில் ஏசி இல்லாமல் ஓட்டவே முடியவில்லை. முழு லோடில் சுவரிலிருந்து 500 வாட் பக்கம் இழுக்கிறது, நாள் முழுக்க ஓடினால் 12 யூனிட், ஏசி தனி. வந்த எஸ்எஸ்டியில் ஒன்று இரண்டாவது மாதம் மூச்சை நிறுத்தியது, கடைக்காரர் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். கடற்காற்று வேறு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதாவிட்டால் ஹீட்சிங்கில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்கிறது. தரைத்தளத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசியில் அடித்தபோது பாண்டியில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லாருக்கும் தெரியும், இந்த 25 கிலோ இரும்பை அவசரத்தில் மாடியேற்ற ஆள் கிடைக்காது. யுபிஎஸ் நல்லதாக ஒன்று போட்டிருக்கிறோம், அதுவும் இருபது நிமிடம்தான், அதனால் மணிக்கொரு தடவை கணக்கை டிஸ்கில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறோம்.

மெஷினுக்கு ஐந்துக்கு நாலரை. கடைக்கு மூன்று. அன்று டீ வாங்கிக் கொடுக்காவிட்டால் இரண்டரை.

பாண்டி, கடலூர் பக்கத்தில் யாராவது இந்த மாதிரி வாங்க யோசிப்பவர்கள் உங்கள் சொந்த கேஸைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், காசெல்லாம் வேண்டாம். காலையில் வந்தால் நல்லது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கீழே சீரியல் ஓடும், அந்த நேரத்தில் புதிதாக 32 கோரையும் கிளப்பிவிட மாட்டேன் என்று வீட்டுக்காரம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.